44 வயதில் விடிந்த ஆள்: போரிஸ் கார்லாஃப் ஒரே வேஷத்தில் மாட்டிக்கொண்டாரா?

கருப்புவெள்ளை

சனிக்கிழமை ராத்திரி தூக்கம் வராமல் 1931-ல் வந்த பிராங்கென்ஸ்டைனை மறுபடியும் போட்டேன். எப்போதோ பார்த்தது, பாதி மறந்துவிட்டது. டைட்டிலில் நடிகர்கள் பெயர் வரும்போது பூதத்துக்கு எதிரே பெயர் இல்லை, வெறும் கேள்விக்குறி. விளம்பர உத்திதான், தெரியும். ஆனால் பூதமாக நடித்த கார்லாஃபுக்கு அப்போது அது பொருத்தமாகவே இருந்திருக்கிறது, ஏனென்றால் பெயரைப் போட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரே சொன்ன கணக்குப்படி அது அவருடைய 81-வது படம். முந்தைய எண்பதில் கூட்டத்தில் ஒருவர், அடியாள், கப்பலில் ஒரு மாலுமி, இப்படித்தான். படப்பிடிப்பு இல்லாத மாதங்களில் லாரி ஓட்டி, சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்திருக்கிறார். முதல் காட்சிக்குக்கூட அவருக்கு அழைப்பு இல்லை.

படம் 1931 நவம்பர் 21-ல் வெளியானது. இரண்டு நாள் கழித்து அவருக்கு 44 வயது முடிகிறது.

அதற்கப்புறம் 37 வருஷம் ஓயாமல் நடித்தார், 1969 பிப்ரவரியில் 81 வயதில் இறந்தார். இறந்தபோதும் அவர் பூதம்தான். என் வருத்தம் இதுதான்: அப்படி ஒரு குரல், அப்படி ஒரு முகம், அத்தனை பொறுமையான நடிப்பு, எல்லாவற்றையும் அந்தத் தட்டை மண்டை விழுங்கிவிட்டது. வேறு எந்த வேஷம் போட்டாலும் ஜனங்கள் கழுத்தில் ஆணியைத் தேடினார்கள். இங்கே பழைய படம் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்?

ரப்பர்\_முகம்

நான் செயற்கைத் தோல் ஒட்டும் வேலையில் இருக்கிறேன், அதனால் என் கண் அங்கேதான் போகும். முதலில் ஒரு திருத்தம்: கழுத்தில் இருப்பது ஆணி இல்லை, மின்முனை. உடம்புக்குள் மின்சாரம் ஏற்ற வழி வேண்டும் என்று அந்தப் படத்தின் மேக்கப்காரர் ஜாக் பியர்ஸ் யோசித்து வைத்தது. மண்டை ஏன் தட்டை என்றால் அதற்கும் அவரிடம் கணக்கு உண்டு. மூளையை மாற்ற வேண்டிய மருத்துவர் சிற்ப வேலை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், பானை மூடியைத் திறக்கிற மாதிரி நேராக வெட்டி, மூளையை வைத்து, மூடித் தைத்துவிடுவார் என்றாராம். அசிங்கமான வேலையாகத்தான் தெரிய வேண்டும்.

இன்றைக்கு எங்களிடம் சிலிக்கான் இருக்கிறது, அச்சு எடுத்து வைத்துக்கொள்ளலாம். பியர்ஸிடம் இருந்தது பஞ்சும், காய்ந்தால் தோல் மாதிரி இறுகும் கொலோடியன் என்ற திரவமும். கொலோடியனை முகர்ந்தவர்களுக்குத் தெரியும், கண்ணில் தண்ணீர் வரும். பஞ்சை ஒரு அடுக்கு வைத்து, அதன்மேல் பூசி, காயவிட்டு, மறுபடி பஞ்சு. இப்படி நெற்றியை தினமும் காலையில் புதிதாகக் கட்ட வேண்டும், ராத்திரி பிய்த்தெடுக்க வேண்டும். போடுவதற்கே நான்கு மணி நேரம். காலில் ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோ வரும் பூட்ஸ். கை நீளமாகத் தெரிய வேண்டும் என்று கோட்டின் கையை மட்டும் குட்டையாக வெட்டினார்கள். உள்ளே திணித்த ஆடை வேறு, அதுவும் கலிபோர்னியா ஆகஸ்ட் வெயிலில்.

நான் வேலை செய்த ஒரு படத்தில் (பெயர் வேண்டாம்) நடிகருக்குத் தினமும் இரண்டரை மணி நேர வேலை. மூன்றாவது நாள் அவர் பாதியில் எழுந்து போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அது ஒரு தனிச் சித்திரவதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பூதத்தின் முகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டும் பியர்ஸ் தனியாகச் செய்தது இல்லை. கண் ரொம்ப உயிரோடு, புத்திசாலித்தனமாகத் தெரிகிறது என்று சொல்லி இமைமேல் மெழுகு வைக்கச் சொன்னது கார்லாஃப். அதனால்தான் அந்தப் பாதி மூடிய, இப்போதுதான் எழுந்த பார்வை. இன்னொன்று வலது கன்னத்துக் குழி. அவருக்குக் கடைவாயில் கழற்றி மாட்டும் பல்செட் ஒன்று இருந்தது. அதைக் கழற்றிவிட்டுக் கன்னத்தை உள்ளே இழுத்தார், அவ்வளவுதான். அந்தக் குழியில் பியர்ஸ் கொஞ்சம் நிழலைச் சேர்த்தார். ஏழை நடிகனின் பல் இல்லாத வாய், நூறு வருஷமாகப் பொம்மைக்கடை முகமூடிகளில் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

மேக்கப் நடிகரை விழுங்கியது என்று சொல்லாதீர்கள் கருப்புவெள்ளை. அவர்தான் மேக்கப்பை உள்ளே இருந்து பிடித்து நிறுத்தினார். அதே மேக்கப்பை மற்றவர்களுக்குப் பிற்பாடு போட்டுப் பார்த்தார்களே, என்ன ஆயிற்று?

லேட்டா\_வந்தவன்

யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், பிராங்கென்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் இல்லை, அதைச் செய்தவர் பெயர். நன்றி, வணக்கம்.

மூனாம்\_ஷோ

லேட்டா, இதைச் சொல்லாமல் இந்த மாதிரி இழை எதுவும் முடிந்ததில்லை, கடமையைச் செய்துவிட்டீர்கள்.

ரப்பர் முகம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பூதத்தின் முதல் வருகையைக் கவனித்துப் பாருங்கள். கதவு திறக்கிறது, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் நடந்து வருகிறார். மெதுவாகத் திரும்புகிறார். டைரக்டர் ஜேம்ஸ் வேல் உடனே மூன்று வெட்டு வெட்டி ஒவ்வொரு முறையும் இன்னும் கிட்டே போகிறார். பின்னணி இசை கிடையாது. அந்த மூன்று ஷாட்டிலும் கார்லாஃப் எதுவும் செய்வதில்லை. உறுமல் இல்லை, பல்லைக் காட்டுவது இல்லை. சும்மா நிற்கிறார்.

அப்புறம் மேல் கூரை திறக்கிறது, வெளிச்சம் விழுகிறது. அதற்கு முன் வெளிச்சமே பார்க்காத ஒரு பிறவி, அண்ணாந்து பார்த்து இரண்டு கையையும் தூக்கி வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. கூரையை மூடிவிடுகிறார்கள். கை அப்படியே கீழே வந்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி நிற்கிறது, கொடுத்ததை ஏன் பிடுங்கிக்கொண்டாய் என்கிற மாதிரி. வசனம் ஒரு வரி கிடையாது. இந்த இடத்துக்காக மட்டும் நான் இந்தப் படத்தைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

குளக்கரைக் காட்சியும் அப்படித்தான். அந்தச் சின்னப் பெண் பூவைத் தண்ணீரில் போடுகிறாள், மிதக்கிறது, இதுவும் போடுகிறது, சிரிக்கிறது. பூ தீர்ந்துபோகிறது. பூ மிதந்தால் பெண்ணும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கிப் போடுகிறது. அந்தப் பெண்ணை எறிவது வேண்டாம் என்று கார்லாஃப் டைரக்டரிடம் வாதாடியிருக்கிறார், நடக்கவில்லை. அப்புறம் தணிக்கைக்காரர்கள் பூதம் கையை நீட்டும் இடத்தோடு வெட்டிவிட்டார்கள். அடுத்துப் பார்த்தால் அப்பா பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஜனங்கள் நினைத்தது, எடுத்த காட்சியைவிடப் பல மடங்கு மோசம். அந்தத் துண்டு மறுபடி ஒட்டப்பட்டது 1980-களில்தான்.

தேன்மொழி\_வி

எல்லாரும் 1931-லிருந்தே ஆரம்பிக்கிறீர்கள். எனக்கு அதற்கு முந்தின 44 வருஷம்தான் பெரிய கதை.

போரிஸ் கார்லாஃப் என்ற பெயரை வைத்து அவரை ரஷ்யர் என்று நினைத்தவர்கள் நிறைய. நிஜப்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887 நவம்பர் 23-ல் லண்டனின் தென்பகுதியில் பிறந்தார், ஒன்பது பிள்ளைகளில் கடைசி. அப்பா வேலை பார்த்தது எங்கே தெரியுமா? பிரிட்டிஷ் இந்தியாவின் உப்பு வரித்துறையில். அப்பா அம்மா திருமணம் நடந்தது சூரத்தில். குடும்பத்தில் இந்திய ரத்தக் கலப்பு உண்டு. ஆளின் படங்களைப் பாருங்கள், அந்த மாநிறமும் கண்ணும் இங்கிலாந்துக் குளிரில் வந்தது இல்லை. அம்மாவுடைய சித்திதான் ஆனா லியோனோவன்ஸ், சயாம் அரண்மனையில் ராஜாவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அதே அம்மாள். அவரும் இந்தியாவில் பிறந்ததைச் சாகும்வரை மறைத்தவர். இந்தக் குடும்பத்துக்கே பெயரும் ஊரும் மாற்றிக்கொள்வது கைவந்த கலை போல.

அண்ணன்மார் தூதரகம், அரசுப் பணி என்று போனார்கள், ஒருவர் சீனாவில் தூதரக அதிகாரியாக இருந்து சர் பட்டம் வாங்கினார். இவரையும் அதற்குத்தான் படிக்கப் போட்டார்கள். இவர் 1909-ல் கப்பல் ஏறிக் கனடா போய்விட்டார். வயலில் வேலை, பள்ளம் தோண்டும் வேலை, அப்புறம் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு. பெயரை மாற்றியதற்கு ஒரு காரணம், வீட்டுப் பெயருக்கு அவமானம் வரக்கூடாது என்ற பயம் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் வந்தேன். அவருக்குச் சின்ன வயதில் திக்குவாய். போராடிச் சரிசெய்துகொண்டார். 'ஸ' ஒலி மட்டும் கடைசிவரை வழுக்கிக்கொண்டே இருந்தது, அந்த வழுக்கலோடுதான் அவ்வளவு படமும். எனக்கும் திக்கும். போனில் என் பெயரைச் சொல்ல இன்றைக்கும் மூச்சை இழுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அவர் பேசுவதை உற்றுக் கேட்டால் ஒரு விஷயம் பிடிபடும், வார்த்தைக்கு முன்னால் சின்னதாக ஒரு நிறுத்தம், அப்புறம் நிதானமாக வழவழவென்று வரும். எல்லாரும் அதைப் பயமுறுத்தும் பாணி என்கிறார்கள். எனக்கென்னவோ அது திக்குகிறவர்கள் எல்லாரும் செய்யும் வேலையாகத்தான் படுகிறது, அடுத்த சொல்லைத் தூரத்திலேயே பார்த்து வைத்துக்கொள்வது. நிரூபிக்க முடியாது, விடுங்கள்.

மூனாம்\_ஷோ

தேன்மொழி, இந்திய ரத்தம் விஷயம் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். அவர் அதைப் பெருமையாக எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. அதோடு 1932-ல் ஃபூ மாஞ்சு என்ற சீன வில்லன் வேஷம் போட்டார். சீனர்களை அரக்கர்களாகக் காட்டும் படம், இப்போது பார்த்தால் கூசும். தன்னையே மறைத்துக்கொண்ட ஒருவர் இன்னொரு ஆசியனைக் கேவலப்படுத்தும் வேஷத்துக்கு முகம் கொடுத்தார் என்பதை நாம் தாண்டிப் போய்விடக் கூடாது.

தேன்மொழி\_வி

தாண்டிப் போகவில்லை. அந்தப் படம் எனக்கும் பிடிக்காது. ஆனால் 1920-களின் ஹாலிவுட்டில் அவருக்குக் கிடைத்த வேஷங்களைப் பாருங்கள்: அரேபியன், இந்தியன், மெக்சிகன், கடற்கொள்ளைக்காரன். நிறத்தை வைத்துத்தான் சோறு. வெளியே சொல்லியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. நியாயப்படுத்தவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

அண்ணன்மார் கதைக்கு ஒரு முடிவு உண்டு. 1933-ல் ஒரு படத்துக்காக லண்டன் திரும்பினார், இருபது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் அண்ணன்மாரோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்களிடம் பேய்ப்படத் தம்பி எப்படிக் கேட்பது, நடுங்கிக்கொண்டே கேட்டிருக்கிறார். அவர்களோ யார் எங்கே நிற்பது என்று இடத்துக்கு அடித்துக்கொண்டார்களாம். அன்றைக்கு அவர் அடைந்த சந்தோஷத்தைப் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

கருப்புவெள்ளை

இது எதுவும் எனக்குத் தெரியாது தேன்மொழி, நன்றி. உப்பு வரித்துறை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அண்ணன்மார் ஏற்றுக்கொண்டது சரி, ஹாலிவுட் அவரை வேறு ஆளாக ஏற்றுக்கொண்டதா? தி மம்மி, பிளாக் கேட், ரேவன், பூதம் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம். கூண்டு தங்கக் கூண்டு, அவ்வளவுதானே.

சங்கக்\_கணக்கு

கூண்டு என்கிறீர்கள், அந்தக் கூண்டின் பூட்டைத் திறக்கச் சாவி செய்தவர்களில் அவரும் ஒருவர். அதை யாரும் பேச மாட்டேன் என்கிறீர்களே.

பிராங்கென்ஸ்டைன் எடுக்கும்போது ஒரு கட்டத்தில் மேக்கப் போட்ட நேரத்திலிருந்து கணக்கிட்டால் ஒரே இழுப்பில் 25 மணி நேரம் வேலை வாங்கினார்கள். காற்றாலைக் காட்சியில் கதாநாயகன் காலின் கிளைவைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேற வேண்டும், வேல் அதைத் திரும்பத் திரும்ப எடுத்தார். டம்மி பொம்மையைத் தூக்கியிருக்கலாம், தூரத்து ஷாட்தான். ஆளையே தூக்கவிட்டார்கள். ஏற்கெனவே மூட்டை தூக்கித் தேய்ந்த முதுகு, அதோடு போயிற்று. அதன்பின் வாழ்நாள் முழுக்க முதுகுவலி, பல அறுவை சிகிச்சைகள். 1944-ல் ஒரு படத்தைப் பாதியில் நிறுத்திவைத்து முதுகெலும்பில் சிகிச்சை செய்துகொண்டு, திரும்ப வந்து முடித்துக்கொடுத்தார்.

1933 மார்ச்சில் ஸ்டூடியோக்காரர்கள் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். பொருளாதார மந்தம், எல்லாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஒரு சில நடிகர்கள் கமுக்கமாக ஒருவர் வீட்டில் கூடினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்கிரீன் ஆக்டர்ஸ் கில்டு என்ற நடிகர் சங்கம். கார்லாஃபின் உறுப்பினர் எண் 9. இதில் கவனிக்க வேண்டியது, அப்போது அவர் கூட்டத்தில் நிற்கும் ஆள் இல்லை, பெயர் பெற்ற நட்சத்திரம். வாயை மூடிக்கொண்டு சம்பாதித்திருக்கலாம். ஒப்பந்தத்தில் சொன்ன சம்பள உயர்வைக் கொடுக்க, பிராங்கென்ஸ்டைனை எடுத்த யுனிவர்சல் மறுத்தபோது கம்பெனியை விட்டு வெளியேயும் போனார். தி இன்விசிபிள் மேன் படம் அவர் செய்திருக்க வேண்டியது, அது கிளாட் ரெயின்ஸுக்குப் போனது இதனால்தான். அப்புறம் யுனிவர்சலே திரும்பக் கூப்பிட்டது.

நானும் கூட்டத்தில் நிற்கிற வேலை பார்த்தவன். காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லி, மாலைவரை வெயிலில் நிற்க வைத்து, உங்கள் முகம் ஷாட்டில் விழவில்லை, பாதிக் கூலிதான் என்று சொன்ன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு அந்த 9 என்ற எண் பூதத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பழம்பஞ்சாங்கம்

தம்பிகளா, லுகோசியை விட்டுவிட்டு இந்தப் பேச்சு எப்படி முடியும்?

பெலா லுகோசி ஹங்கேரிக்காரர், கார்லாஃபைவிட ஐந்து வயது மூத்தவர். டிராகுலாவை நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஆடிப் பெயர் வாங்கி, 1931 தொடக்கத்திலேயே படமாகவும் நடித்துவிட்டார். அதற்கு அவர் வாங்கியது வாரம் 500 டாலர் வீதம் ஏழு வாரத்துக்கு 3,500 டாலர், அவ்வளவுதான். பூதத்துக்கு முதலில் அவரைத்தான் போட்டார்கள், அவர் பெயரோடு விளம்பரமே வந்தது. வசனம் இல்லாத வேஷம், முகம் தெரியாத மேக்கப், அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் விட்டாரா, அவரை விட்டார்களா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எப்படியோ வேஷம் கைமாறியது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 1943-ல் கையில் காசில்லாமல் அதே பூத வேஷத்தை லுகோசி போட்டார், அறுபது வயதில். அந்தக் கதையில் பூதம் பேசும், கண் தெரியாது. படம் வெளியாகும் முன் அவர் பேசிய வசனம் முழுவதையும் வெட்டி எறிந்தார்கள், கண் தெரியாது என்பதையும் சேர்த்து. ஜனங்கள் பார்த்தது வாயை அசைத்துக்கொண்டு கையை நீட்டித் தடுமாறும் ஒரு கிழவனை. பூதம் என்றால் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கும் என்று குழந்தைகள் இன்றும் ஆடிக்காட்டுகிறார்களே, அது கார்லாஃப் நடை இல்லை, குருடாக நடித்த லுகோசியின் நடை.

போதைமருந்துப் பழக்கம், 1955-ல் தானே போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், 1956-ல் போய்விட்டார். டிராகுலா மேலங்கியோடு புதைத்தார்கள். கருப்புவெள்ளை சொல்லும் கூண்டு அது. கார்லாஃபுடையது கூண்டு இல்லை.

மூனாம்\_ஷோ

ஐயா, லுகோசியை இரக்கத்துக்கு மட்டும் வைக்காதீர்கள். பிளாக் கேட்டில் இருவரும் எதிரெதிரே நிற்கும்போது என் கண் லுகோசிமேல்தான் போகிறது. மூன்றாம் பாகமான சன் ஆஃப் பிராங்கென்ஸ்டைனில் கழுத்து முறிந்த ஈகோராக அவர் செய்ததோடு ஒப்பிட்டால் கார்லாஃபின் பூதம் வெறும் மரக்கட்டை. கார்லாஃபுக்கே அது தெரிந்துதான் 1939-ன் அந்தப் படத்தோடு பூதத்தைச் சினிமாவில் விட்டுவிட்டார்.

பழம்பஞ்சாங்கம்

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஈகோர் லுகோசி வாழ்க்கையிலேயே சிறந்த வேஷம். கார்லாஃப் விலகியதற்குக் காரணமும் ஏறக்குறைய அதுதான், பூதம் இனி கதைக்கு நடுவில் இருக்காது, யாராவது ஏவும் அடியாளாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வேஷத்தை எப்போது கழற்றுவது என்று தெரிந்தவர். 1935-ல் வந்த இரண்டாம் பாகத்தில் பூதத்துக்குப் பேச்சு வந்ததையே அவர் விரும்பவில்லை.

அந்த 1939 படப்பிடிப்பில்தான் அவருக்கு மகள் பிறந்தாள், 1938 நவம்பர் 23, அவருடைய பிறந்தநாளிலேயே.

ரப்பர்\_முகம்

கூண்டு விவாதத்துக்கு என் பங்கு. 1941-ல் பிராட்வேயில் ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ் என்ற நகைச்சுவை நாடகம். அதில் ஒரு கொலைகாரன், போலீஸிடமிருந்து தப்ப முகத்தை மாற்றிக்கொள்கிறான். அறுவை செய்த மருத்துவர் குடிபோதையில் ஒரு பேய்ப்படம் பார்த்துவிட்டு வந்து அந்த முகத்தையே வைத்துத் தைத்துவிட்டார். யாராவது நீ கார்லாஃப் மாதிரி இருக்கிறாய் என்று சொன்னால் அவனுக்குக் கொலைவெறி வரும். அந்த வேஷத்தைப் போட்டது கார்லாஃபே. அரங்கம் எப்படி அதிர்ந்திருக்கும்! நாடகம் 1,444 காட்சிகள் ஓடியது, அவரும் அதில் கொஞ்சம் பணம் போட்டிருந்தார். படமாக எடுத்தபோது நாடகத் தயாரிப்பாளர்கள் அவரை விடவில்லை, வேறொருவர் நடித்தார், ஜோக்கில் பாதி செத்துப்போனது.

1950-ல் பீட்டர் பேன் நாடகத்தில் கேப்டன் ஹூக். 1955-ல் தி லார்க் நாடகத்துக்கு டோனி விருதுப் பரிந்துரை. வேறு வேஷமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாதே.

தேன்மொழி\_வி

பாடி ஸ்நாட்சரை (1945) யாரும் சொல்லவில்லை, சொல்லாமல் விடமாட்டேன். எடின்பரோவில் பிணம் திருடி மருத்துவக் கல்லூரிக்கு விற்கும் வண்டிக்காரன். மேக்கப் என்று பெரிதாக எதுவும் கிடையாது, அவர் முகமேதான். சிரித்துக்கொண்டே, பூனையைத் தடவிக்கொண்டே மிரட்டுவார்.

தெருவில் ஒரு பார்வையற்ற பெண் பாடிக்கொண்டு பிச்சை கேட்பாள். அவள் பாடிக்கொண்டே வளைவுக்கு அடியில் இருட்டுக்குள் போகிறாள். பின்னாலேயே வண்டி போகிறது. காமிரா அசைவதில்லை. இருட்டுக்குள்ளிருந்து பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது, பாதி வரியில் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் காட்சி. நான் ஹெட்போனில் பார்த்தேன், பாட்டு நின்றதும் கையிலிருந்த போனை அணைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.

தயாரிப்பாளர் வால் லூட்டன் தன் உயிரைத் தனக்குத் திருப்பிக் கொடுத்தார் என்ற பொருளில் கார்லாஃப் பேசியிருக்கிறார். ஆக, ஒரே வேஷம் அலுத்த காலம் அவருக்கும் இருந்திருக்கிறது. கருப்புவெள்ளை முழுக்கத் தப்பில்லை.

லேட்டா\_வந்தவன்

நம் நம்பியார் சாமி மாதிரி என்று சொல்லுங்களேன். திரையில் கையைப் பிசைந்துகொண்டு பயமுறுத்துவார், வெளியே மாலை போட்டு மலைக்குப் போவார். கார்லாஃப் என்ன செய்வார் வெளியே?

சங்கக்\_கணக்கு

கிரிக்கெட். ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பில் ஆடினார், அங்கிருந்த இங்கிலாந்து நடிகர்கள் எல்லாரும் அதில் உண்டு. அப்புறம் தோட்டவேலை, குழந்தைகளுக்குக் கதை படித்து ரெக்கார்டு போடுவது. கிரிஞ்சு எப்படிக் கிறிஸ்துமஸைத் திருடியது என்ற 1966 கார்ட்டூனில் கதை சொல்லும் குரல் அவருடையதுதான், அந்த ரெக்கார்டுக்குக் கிராமி கிடைத்தது.

பூதத்தைப் பார்த்த குழந்தைகள் பயந்ததாகச் சொல்லாமல், பாவம் என்று கடிதம் எழுதினார்கள், அதுதான் தனக்குப் பெரிய பாராட்டு என்பார். குளக்கரைக் காட்சியில் நடித்த அந்தச் சின்னப் பெண், முழு மேக்கப்பில் இருந்த அவரைப் பார்த்துக் கொஞ்சமும் பயப்படாமல் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் காரிலேயே வருகிறேன் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

கருப்புவெள்ளை

இரண்டு நாளாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று டார்கெட்ஸ் (1968) பார்த்தேன், யாரும் அதைச் சொல்லவில்லை என்று ஆச்சரியம்.

கதை சிரிப்பாக இருக்கும். கார்லாஃப் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனுக்கு இரண்டு நாள் கால்ஷீட் பாக்கி. கோர்மன் அதை பீட்டர் போக்டனோவிச் என்ற புதுப் பையனிடம் கொடுத்து, இரண்டு நாளில் இவரை வைத்து இருபது நிமிஷம் எடு, பழைய படம் ஒன்றிலிருந்து இருபது நிமிஷம் ஒட்டிக்கொள், மிச்சத்துக்கு எதையாவது செய் என்றார். அந்தப் பையன் கார்லாஃபையே கார்லாஃபாக வைத்தான். பைரன் ஓர்லாக், வயதான பேய்ப்பட நடிகர். ஊரில் நடக்கும் நிஜக் கொலைகளுக்கு முன்னால் தன் பயமுறுத்தல் எல்லாம் பழங்கதை, ஓய்வு பெறப்போகிறேன் என்கிறார். இன்னொரு பக்கம் நல்ல குடும்பத்துப் பையன் ஒருவன் துப்பாக்கியோடு புறப்படுகிறான்.

அப்போது அவருக்கு 80. நுரையீரலில் பாதிதான் வேலை செய்தது, காலில் இரும்புக் கம்பிக் கட்டு. நடக்கும்போது தெரிகிறது. ஒரு இடத்தில் அவர் ஒரு சின்னக் கதை சொல்கிறார், சாவு ஒருவனைச் சந்தைக்கடையில் பார்த்து ஆச்சரியப்படும் பழங்கதை. காமிரா மெல்ல அவர் முகத்துக்குப் போகிறது, வெட்டே இல்லை, ஒரே டேக். அது முடிந்ததும் படப்பிடிப்புக் குழுவே கைதட்டியதாம். நானும் வீட்டில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன், பக்கத்து அறையிலிருந்து என்ன ஆச்சு என்று குரல் வந்தது.

கடைசியில் டிரைவ்-இன் தியேட்டர். திரையில் ஓர்லாக் நடந்துவருகிறார், தரையில் நிஜ ஓர்லாக் கைத்தடியோடு நடந்துவருகிறார். துப்பாக்கிக்காரன் எது நிஜம் என்று தெரியாமல் திரையைச் சுடுகிறான், அப்புறம் இவரைச் சுடுகிறான். இவர் நிற்காமல் வந்து கைத்தடியால் துப்பாக்கியைத் தட்டிவிட்டு ஒரு அறை விடுகிறார். பையன் மூலையில் சுருண்டுகொள்கிறான்.

நான் ஆரம்பத்தில் எழுதியதை அழிக்கப் போவதில்லை, இருக்கட்டும். ஆனால் தலைப்பில் இருக்கும் கேள்விக்குறி பற்றி இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

லேட்டா\_வந்தவன்

கேள்விக்குறியை எடுக்காதீர்கள். அவருக்கு முதலில் கிடைத்த பெயரே அதுதானே.

ரப்பர்\_முகம்

டார்கெட்ஸுக்கு அப்புறமும் அவர் நிறுத்தவில்லை. 1968-ல் நான்கு மெக்சிகோ படங்களுக்கு சக்கர நாற்காலி, பக்கத்தில் ஆக்ஸிஜன், ஷாட் ரெடி என்றதும் எழுந்து நிற்பார். அவருக்காகவே அவர் காட்சிகளை மட்டும் லாஸ் ஏஞ்சல்ஸில் வைத்து எடுத்தார்கள். படங்கள் குப்பை, பார்க்க வேண்டாம். எழுந்து நிற்கும் இடத்தை மட்டும் பாருங்கள்.